சிறகும் நிழலும்

கந்தோர் ஒன்றிலே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கோப்புகளின் நடுவே திசை தெரியாது விழித்துக்கொண்டிருக்கின்றான். எந்தக் கடிதத்துக்கு எவர் ஒப்பமிடுதல் வேண்டும், எந்தப் பேரேடு எந்த அலுமாரியில் இருக்கும் என்பன அவனுக்குத் தெரியா. மூத்த இலிகிதர் ஒருவர் அவனைத் தம் மேசைக்கருகில் இருத்தித் தொழிலைப் பழக்குகின்றார். அவன் விட்ட பிழைகளை மேலதிகாரியின் கண்ணிற் படுமுன்னர்த் தாமே திருத்தியும் விடுகின்றார். இத்தனையையும் ஆங்கிலேயர் ஒரு சிறு தொடரில் அடக்கிவிடுவர். மூத்தவர் இளைஞனைத் தம் சிறகின்கீழ் எடுத்துக்கொண்டார் என்பர்.

இதனைத் தமிழில் எழுதப் புகுவோர் பொதுவாக மூன்று வழிகளுள் ஒன்றையே பற்றுகின்றனர். சொல்லுக்குச் சொல் வைத்துச் 'சிறகின்கீழ் எடுத்துக்கொண்டார்' என்று எழுதுவது ஒன்று. இலிகிதருக்குச் சிறகு முளைத்தது எப்போது என்று படிப்பவர் மலைப்பர். 'அடைக்கலம் கொடுத்தார்' என்பது மற்றொன்று. அவ்வாறாயின், அவ்விளைஞன் எவருக்கு அஞ்சி ஓடிவந்தான் என்ற கேள்வி எழும். மூன்றாவது, இடர் எதுவும் வேண்டாமென்று 'பாதுகாத்தார்' என்று எழுதிவிடுதல். இதிற் பிழையொன்றும் இல்லை. ஆனால், பக்கத்தில் இருத்தியதும் தொழில் பழக்கியதும் வெளியே நின்றுவிட, காவல் மாத்திரமே எஞ்சுகின்றது. செய்தித்தாள்களிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் இம்மூன்றையும் மாறிமாறிக் காணலாம். மூன்றுமே பொருந்தாமைக்குக் காரணம் தமிழிலே சொல் இல்லாமை அன்று. அத்தொடருக்குள்ளே என்ன இருக்கின்றது என்பதை முதலிற் பிரித்துப் பார்க்காமையே காரணம்.

தொடரிலே சொல்லப்படும் சிறகு எந்தப் பறவையின் சிறகு? கழுகின் சிறகாகவும் இருக்கலாம், அன்னத்தின் சிறகாகவும் இருக்கலாம் என்று தோன்றும். ஆயினும், வழக்கிலே நினைக்கப்படுவது வீட்டு முற்றத்துக் கோழியின் சிறகே. கோழி முட்டைகளின்மேல் இருபத்தொரு நாள் அடைகிடக்கின்றது. குஞ்சு வெளிவந்த பின்னரும் அதன் வேலை முடிவதில்லை. பிறந்த குஞ்சின் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. கோழிக்குஞ்சுகளைத் தாயின்றிப் பெட்டியில் வளர்ப்போர் முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பம் கொடுத்து, பின்னர் வாரந்தோறும் மூன்று பாகையளவு குறைத்துக்கொண்டு வருவர். தாய்க்கோழியின் சிறகு செய்வது இதே வேலையைத்தான். மழை, குளிர், வானத்திலே பருந்தின் நிழல் ஆகியவற்றுள் எது வந்தாலும் தாய் ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடிச் சிறகுக்குள் மறையும். மற்றை நேரங்களில் அவை வெளியே நின்று, தாய் கிளறிக் காட்டும் குப்பையிலே இரை பொறுக்கப் பழகும். வாரங்கள் சில செல்லும். குஞ்சுக்கு இறகு நிரம்பும். அப்போது அதே தாய் அதனைக் கொத்தி அப்பால் விரட்டும்.

ஆங்கிலத் தொடரின் பொருள் முழுவதும் இந்த முற்றத்திலே அடங்கிக்கிடக்கின்றது. அறிவிலோ வலிமையிலோ பதவியிலோ ஒருவர் மேலானவராயும் மற்றவர் இளையவராயும் இருத்தல் வேண்டும். முதலில் அசைபவர் மேலானவர். கேளாமலே அழைத்துக்கொள்பவர் அவரே. வெறும் காவல் மாத்திரமன்றிப் பழக்குதலும் அதில் உண்டு. இவை மூன்றும் எளிதிற் புலப்படும். பலரும் தவறவிடுவது காலவரையறையை. சிறகின்கீழ் இருப்பவர் என்றைக்கும் அங்கேயே இருக்கப்போகின்றவர் அல்லர். இருபது ஆண்டு கழிந்த பின்னரும் அந்த இலிகிதரின் மேசைக்கருகிலேயே ஒருவன் உட்கார்ந்திருப்பானாயின், அவனைச் சிறகின்கீழ் இருப்பவன் என்று ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். அதற்கு அவர்களிடம் வேறு தொடர்கள் உள. அவை மதிப்பான தொடர்களும் அல்ல.

இத்தொடர் ஆங்கிலத்திலே நன்கு வேரூன்றியதற்குக் கிறித்தவ வேதாகமம் ஒரு பெருங்காரணம். வில்லியம் திண்டேல் கிரேக்க மூலத்திலிருந்து பெயர்த்த புதிய ஏற்பாடு 1526 இல் அச்சாயிற்று. மன்னர் ஜேம்சு காலத்து மொழிபெயர்ப்பு 1611 இல் வெளிவந்தது. இவற்றைத் திருச்சபைகளிலே வாரந்தோறும் கேட்டுக் கேட்டு, எழுத்தறியா உழவனும் அவற்றின் உவமைகளைத் தன் பேச்சாக்கிக்கொண்டான். மத்தேயு எழுதிய சுவிசேடத்தின் 23 ஆம் அதிகாரத்தில், கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல எருசலேமின் மக்களைச் சேர்த்துக்கொள்ள விரும்பியும் அவர்கள் உடன்படவில்லை என்று இயேசு இரங்குகின்றார். விரிக்கப்பட்ட சிறகுக்குள் வர மறுக்கவும் கூடும் என்பது இவ்விடத்திலே தெளிவாகின்றது. இவ்வுவமையின் துயரம் முழுவதும் அம்மறுப்பிலேதான் இருக்கின்றது.

பழைய ஏற்பாட்டின் சங்கீதங்களிலே இவ்வுவமை வேறொரு சாயலுடன் வரும். அங்கே இறைவனுடைய சிறகு பேசப்படும் இடங்கள் சிலவற்றில் அதன் நிழலும் உடன் பேசப்படும். பாலையும் பாறையும் சூழ்ந்த நாட்டிலே பாடியவர்களுக்குச் சிறகு என்றவுடன் நிழல் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆங்கிலேயருடைய அன்றாடப் பேச்சுக்கு வந்தபோது சிறகு தங்கிற்று. நிழல் கழன்று வீழ்ந்தது. குளிர்நாட்டிலே வெயிலை மறைப்பவனை எவர் பெரிதாகப் போற்றுவர்? அங்கே வேண்டப்படுவது கதகதப்பு. ஆகவே, எபிரேயப் புலவரின் மூல உவமை ஆங்கிலத்துக்கு இருப்பதினும் தமிழுக்கு அணித்தாய் இருக்கின்றது எனலாம்.

எபிரேயச் சொல்லிலே இன்னொரு நுட்பமும் உண்டு. சிறகைக் குறிக்கும் 'கானாப்' என்னும் அச்சொல் ஆடையின் ஓரத்தையும், அதாவது விரித்துப் போர்க்கத்தக்க தலைப்பையும் குறிக்கும். ரூத் என்னும் சிறுநூலின் அழகு இவ்விருபொருளைச் சார்ந்து நிற்கின்றது. மோவாப் நாட்டுப் பெண்ணாகிய ரூத், கணவனை இழந்த பின்னரும் மாமியைப் பிரியாது, அறியாத ஊருக்கு வந்து, பிறருடைய வயலிலே கதிர் பொறுக்குகின்றாள். வயலுக்குரிய போவாஸ் அவளைக் கண்டு, இஸ்ரவேலின் இறைவனுடைய சிறகுகளின்கீழ் நீ வந்து சேர்ந்தாய், அவர் உனக்கு நிறைவான பலன் தருவாராக என்ற கருத்திலே வாழ்த்துகின்றான். வாழ்த்து நன்று, ஆயின், செலவற்றது. அடுத்த அதிகாரத்திலே, நள்ளிரவில், களத்திற் படுத்திருந்த அவனிடம் ரூத் வருகின்றாள். உம்முடைய 'கானாப்'பை என்மேல் விரியும் என்கின்றாள். ஆடைத் தலைப்பை ஒரு பெண்மேல் விரித்தல் அவளை மனைவியாக ஏற்பதற்கு அடையாளம். எசேக்கியேல் நூலின் 16 ஆம் அதிகாரத்திலும் அவ்வழக்கைக் காணலாம். இறைவனுடைய சிறகு என்று நீ சொன்னாயே, அச்சிறகு உன்னிடமே இருக்கின்றது, விரி என்று, அவனுடைய சொல்லையே எடுத்து அவனிடம் திருப்பிக் கொடுக்கின்றாள் அவள்.

மொழிபெயர்ப்பிலே இந்நயம் மறைந்துவிட்டது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் முதலிடத்திலே சிறகு என்றும், இரண்டாமிடத்திலே ஆடை என்றும் எழுதிற்று. தமிழ் வேதாகமமும் ஓரிடத்திலே செட்டை என்றும் மற்றோரிடத்திலே போர்வை என்றும் பெயர்த்தது. இரண்டும் அந்தந்த இடத்துக்குச் சரியே. ஆனால், இரண்டு இடங்களையும் இணைத்த நூல் அறுந்துபோயிற்று. மொழிபெயர்த்தவர்களைக் குறைகூறுவதற்கும் இடமில்லை. சிறகுக்கும் ஆடைத் தலைப்புக்கும் ஒரே சொல்லைத் தமிழ் வழங்கவில்லை. வழங்காத சொல்லை எங்கிருந்து கொணர்வது? தலைப்பை அல்லது முந்தானையைக் கொண்டு உவமை செய்யப் புகுந்தாலோ தமிழ் வேறு திக்கிலே இழுத்துச் செல்லும். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிபவன் என்பது இங்கே ஏளனமல்லவா?

எனினும், தமிழிலும் சிறகைச் சுற்றி ஒரு விந்தை உண்டு. பழந்தமிழிலே சிறகுக்குச் 'சிறை' என்றே பெயர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டிலே தும்பியின் சிறகு இச்சொல்லாலேயே குறிக்கப்பெறும். அதே வடிவுடைய சொல்லுக்குக் காவல் என்றும், நீரைத் தடுக்கும் அணை என்றும், பக்கம் என்றும் பொருள் உண்டு. குற்றவாளியை அடைத்துவைக்கும் இடமும் சிறையே. திருவள்ளுவர், பெண்டிரைச் சிறைவைத்துக் காத்தல் பயனற்றது என்ற இடத்திலே இச்சொல்லைக் காவல் என்னும் பொருளிலே ஆளுகின்றார். இப்பொருள்கள் அனைத்தும் ஒரு வேரிலிருந்து கிளைத்தனவா, தனித்தனியே வந்து ஒலியால் ஒன்றாயினவா என்பது மொழிநூலார் ஆராய்தற்குரியது. அது எவ்வாறாயினும், காக்கும் சிறகையும் அடைக்கும் சுவரையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி தமிழ்.

அரசியற் செய்திகளை மொழிபெயர்ப்போர் இதனை மறத்தல் ஆகாது. வலிய நாடொன்று சிறிய நாடொன்றைத் தன் சிறகின்கீழ் எடுத்துக்கொண்டது என்று ஆங்கில வரலாற்று நூல்கள் தயங்காது எழுதும். இலங்கைக்கு அயலிலுள்ள மாலைதீவு 1887 இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையால் பிரித்தானியாவின் காப்புக்குட்பட்ட நாடாயிற்று. உள்நாட்டு ஆட்சியைச் சுல்தான் நடத்தினார். வெளிநாட்டு உறவு பிரித்தானியர் கையில் இருந்தது. இந்நிலை 1965 ஆம் ஆண்டு யூலை 26 இல் முடிவுற்றது. இதனைத் தமிழிலே 'அரவணைத்தது' என்று எழுதினால், எழுதுபவர் அறியாமலே ஒரு பக்கத்துக்குச் சான்று சொன்னவராவார். 'அடிமைப்படுத்தியது' என்று எழுதினால் மறுபக்கத்துக்குச் சான்று சொன்னவராவார். 'தன் காப்புக்குள் கொண்டுவந்தது' என்பது நடந்ததைச் சொல்லும். தீர்ப்பைப் படிப்பவரிடம் விட்டுவிடும்.

இனி, தமிழர் இக்கருத்தை எவ்வாறு சொல்லி வந்தனர் என்பதைக் காண்போர், சிறகினும் நிழலே முன்னிற்பதைக் காண்பர். வெயில் காயும் நாட்டிலே காப்பவன் நிழல் தருபவன். அரசனுடைய வெண்கொற்றக்குடை அவன் தலையிற் படும் வெயிலை மறைக்கும் பொருளாக மாத்திரம் பாடப்படவில்லை. குடிகள் அனைவரும் ஒதுங்கும் நிழலாகவே பாடப்பட்டது. அப்பரடிகள் இறைவனுடைய திருவடி நிழலுக்கு இனிய பொருள்கள் ஐந்தை உவமை கூறினார். அவற்றுள் வெப்பம் தருவது ஒன்றேனும் இல்லை. ஒருவருடைய ஆதரவில் வாழ்பவன் அவருடைய நிழலில் வாழ்கின்றான் என்பது இன்றும் கிராமத்துப் பேச்சிலே உள்ளது. ஆனால், நிழல் அசையாதது. மரம் நடந்துபோய் எவரையும் அழைப்பதில்லை. வெயிலிலே வருந்துபவன்தான் மரத்தை நாடிச் செல்கின்றான். கோழியோ குரல் கொடுத்துக் குஞ்சை அழைக்கின்றது. இவ்விரு உவமைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இதே வேறுபாடு அடைக்கலம் என்னும் சொல்லிலே இன்னும் கூர்மையாகத் தெரியும். அடைக்கலம் 'புகுதல்' என்பதே இயல்பான வழக்கு. புகுபவனே முதலில் அசைகின்றான். வீட்டு வளையிலும் கூரையிலும் கூடுகட்டும் சிறு குருவியைத் தமிழர் அடைக்கலங்குருவி என்று அழைத்தனர். ஆங்கிலத் தொடரிலே பறவை காப்பிடமாகின்றது. தமிழ்ச் சொல்லிலே பறவை காப்பிடம் தேடி வருகின்றது. சிபிச் சக்கரவர்த்தி கதையிலும் புறாவே மன்னனிடம் வந்து வீழ்கின்றது.

அன்றியும், அடைக்கலம் மிகப் பாரமான சொல். சிலப்பதிகாரத்திலே ஒரு காதைக்கே அது பெயராயிற்று. மதுரைப் புறஞ்சேரியிலே கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். மாதரி புதுமனை கொடுத்தாள். சமைப்பதற்கு வேண்டுவன கொடுத்தாள். மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். கோவலன் கொலையுண்டது அவளுடைய குற்றமன்று. அரண்மனைப் பொற்கொல்லன் சூழ்ச்சி அவள் அறிந்ததுமன்று. ஆயினும், ஏற்ற அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீயிற் புகுந்து உயிர்விட்டதாக இளங்கோவடிகள் பின்னர்க் கூறுகின்றார். அடைக்கலம் ஏற்பது உயிரைப் பணயம் வைப்பது என்பதே அக்கதையின் துணிபு. புதிதாக வந்த இளைஞனுக்குப் பேரேடு எழுதப் பழக்கிய இலிகிதர்மீது இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா? இளைஞன் வேலையை விட்டு நீங்கினால் அவர் தீயிற் குதிக்க வேண்டியதில்லை. மேலே கூறிய மூன்று வழிகளுள் அடைக்கலம் என்பதே கேட்பதற்கு மிக இனிது. அதனாலேயே அது மிகுதியாகத் தவறாக வழங்கப்படுகின்றது.

காப்பவரே முதலில் வந்து கொள்ளுதலைக் குறிக்கத் தமிழிலே சொல் இல்லாமலில்லை. ஆட்கொள்ளுதல் என்பது அது. சுந்தரமூர்த்தி நாயனாரை மணப்பந்தலிலே வழக்கிட்டுத் தடுத்து இறைவன் ஆட்கொண்டதைச் சேக்கிழார் ஒரு புராணமாகவே பாடினார். சுந்தரர் அங்கே எதையும் வேண்டவில்லை. வந்தவரைப் பித்தன் என்று ஏசவும் செய்தார். முன்வந்தவர் இறைவனே. கோழி குஞ்சை அழைப்பதற்கு இதனினும் நெருங்கிய தமிழ்ச் சொல் அரிது. ஆனால், இச்சொல் இறைவனுக்கே உரியதாகிவிட்டது. இலிகிதர் இளைஞனை ஆட்கொண்டார் என்று எழுதினால் கந்தோர் முழுவதும் சிரிக்கும்.

அவ்வாறாயின் எஞ்சுவது எது? வழக்கிலே புழங்கும் எளிய வினைகளே எஞ்சுகின்றன. 'தம்மோடு வைத்துப் பழக்கினார்' என்பது கந்தோருக்கும் பட்டறைக்கும் போதும். தச்சனோ தட்டானோ தன்னிடம் வந்த பையனுக்குத் தொழில் கற்பித்ததைச் சொல்ல ஊரார் வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. தாய் தந்தையை இழந்த பிள்ளையை உறவினர் ஏற்றுக்கொண்ட இடமாயின் 'அரவணைத்து ஆளாக்கினார்' என்பது பொருந்தும். இத்தொடரிலே 'ஆளாக்கினார்' என்னும் பகுதி மிக அருமையானது. ஆளாக்குதல் என்றால் தன் காலில் நிற்கும் மனிதனாக்குதல். அதற்கொரு முடிவு உண்டு. ஆளானவன் பின்னர்த் தன் வழியே போவான். ஆங்கிலத் தொடரிலே மறைந்து நிற்கும் காலவரையறையைத் தமிழ் இவ்வொரு வினையால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றது. சிறுவர் கதையிலோ கவிதையிலோ வேதாகமப் பகுதியிலோ வருமாயின் சிறகைச் சிறகாகவே விட்டுவிடலாம். அங்கே உவமை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வுவமை அயலானதும் அன்று. கண்டிக்கும் தாயையும் காக்கும் தாயையும் அப்பழமொழி ஒரே கோழியிலே காட்டுகின்றது.

இச்சந்தர்ப்பத்திலே இன்னொரு தொடரையும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்லலாம். 'உன் முதுகு என்னிடம் இருக்கின்றது' என்று அயல்நாட்டுத் திரைப்படங்களின் அடியிலே ஓடும் தமிழெழுத்திற் படிக்க நேர்ந்தவர் உளர். போர்க்களத்திலே முன்னோக்கிப் பொருபவனுடைய முதுகுப்புறத்தை மற்றொருவன் காவல் செய்வதே அத்தொடரின் கருத்து. தமிழிலோ முதுகு காட்டுதல் தோற்றோடுதல். முதுகுக்குப் பின்னே செய்வது வஞ்சகம். 'உனக்குப் பக்கபலமாக நான் இருக்கின்றேன்' என்று முதுகை விட்டுப் பக்கத்துக்கு வந்துவிட்டாற் போதும்.

சிறகுத் தொடரின் கடினமான சோதனை மனிதர் வரலாற்றை எழுதும்போது வரும். யாழ்ப்பாணத்து வரலாற்றிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. நல்லூரிலே 1822 இல் பிறந்த ஆறுமுகம் என்னும் மாணவர், வெசுலியன் மிசன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்றார். படிப்பு முடிந்ததும் பாதிரியார் அவரை அங்கேயே ஆசிரியராக அமர்த்தினார். தாம் மேற்கொண்ட வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணையாக வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பு அறிஞர்களின் ஆய்வுக்காகச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது ஆறுமுகமும் உடன் சென்றார். இதனை ஆங்கிலத்தில் எழுதும் எவருடைய கையிலும் அந்தத் தொடர் தானாகவே வந்து நிற்கும்: பேர்சிவல் இளம் ஆறுமுகத்தைத் தம் சிறகின்கீழ் எடுத்துக்கொண்டார்.

தமிழிலே இதற்கு என் செய்வது? 'அடைக்கலம்' பொருந்தாது, நல்லூர்க் குடும்பமொன்றின் பிள்ளை எதற்கு அடைக்கலம் புகவேண்டும்? 'ஆதரித்தார்' என்றால் வறியவர் என்று படும். 'சீடராக்கினார்' என்பது முற்றும் பொய். ஆறுமுகம் சைவத்தைக் கைவிடவேயில்லை. இவ்வாறு ஒவ்வொரு சொல்லும் ஏன் உறுத்துகின்றது என்று பார்த்தால், உறுத்துவது தமிழ்ச் சொல்லன்று, ஆங்கிலத் தொடரே என்பது தெரியும். சிறகு என்றால் மேலே ஒருவர், கீழே ஒருவர். ஆசிரியப் பணியைப் பொறுத்தவரையிலும் பாதிரியார் மேலே இருந்தார் என்பது மெய். வேதாகமத்தின் தமிழைப் பொறுத்தவரையில் நிலைமை மாறிவிடுகின்றது. இலக்கண வழுவற்ற தமிழ் எவரிடமிருந்து எவருக்குச் சென்றது? இளையவருடைய கல்வியை நம்பியே மூத்தவர் அப்பணியை நடத்தினார். அந்த மேசையிலே கதகதப்புத் தேவைப்பட்டவர் எவர் என்று கேட்டால் விடை கூறுதல் எளிதன்று.

அந்த உறவுக்கும் காலவரையறை இருந்தது. 1848 இல் ஆறுமுகம் மிசன் வேலையை நீங்கி வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கிற்று. அவர் துணைநின்ற மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சேறியபோது, அவர் கிறித்தவப் பிரசாரத்துக்கு எதிராகச் சைவ நூல்களையும் பாடசாலையையும் கொண்டு நின்றார். மிசன் பாடசாலைகளின் கற்பிக்கும் முறையும், அச்சியந்திரத்தின் பயனும், மேடைப் பிரசங்கமும் அவர் அங்கே நேரிற் கண்டு பழகியவை. குஞ்சு பறந்தது, பறந்த திசைதான் கோழி எண்ணிய திசையன்று. பேர்சிவலும் பின்னர்ச் சென்னைக்குச் சென்று இராசதானிக் கல்லூரியிலே கற்பித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து சி. வை. தாமோதரம்பிள்ளையை வரவழைத்துத் 'தினவர்த்தமானி'ப் பத்திரிகைப் பணியில் அமர்த்தியவரும் அவரே. தமிழ்ப் பழமொழிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1874 இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு மொழியின் மரபை மற்றொரு மொழியிலே வைப்பது எத்தனை அரிது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று.

ஆகவே, அந்த ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழிலே ஒரே வாக்கியமாகத் தருவது நேர்மையாகாது, இரண்டாக்குதல் வேண்டும். பேர்சிவல் பாதிரியார் தம் மாணவராகிய ஆறுமுகத்தைத் தம்மோடு வைத்து ஆசிரியராக அமர்த்தினார் என்பது ஒன்று. அம்மாணவருடைய தமிழ்ப் புலமையின் துணைகொண்டு வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்பது மற்றொன்று. சிறகு போய்விட்டதே என்று வருந்துவோர் இருப்பின், முதல் வாக்கியத்திலே அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வாக்கியத்துக்கு அது வேண்டியதில்லை.